தீர்ப்பு என்ன வேதவாக்கா?

“பெரிய கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது, இனி அதில் பேச என்ன இருக்கிறது?” என்று கேட்பது நம் ஜனங்களுக்கு வழக்கமாய் இருந்து வருகின்றது. சாஸ்திரம் சொல்லிவிட்டது என்றவுடன் வாயை மூடிக்கொள்ளுகின்ற அதே புத்திதான் கறுப்பு அங்கியைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுகின்றது. ஜட்ஜுகளும் நம்மைப் போல் பிறந்து, நம்மைப் போல் தவறக்கூடிய மனிதர்களேயாவார்கள். இதற்கு நாம் கற்பனைக் கதை சொல்ல வேண்டியதில்லை. சுப்ரீம் கோர்ட்டே தன் கையால் எழுதி ஒப்புக்கொண்ட ஒரு கேஸைச் சொல்லுகிறோம்.

2003-ம் வருஷம் ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தில், நாசிக் பக்கம் ஒரு தோட்டத்துக் குடிசையில் கொள்ளைக்காரர்கள் புகுந்து, பணத்தையும் நகையையும் பறித்து, பெண்களைக் கெடுத்து, ஐந்து பேரைக் கொன்றுபோட்டார்கள். கேட்பவர் நெஞ்சம் பதறும்படியான கொடுமைதான். போலீசார் ஆறு பேரைப் பிடித்தார்கள். 2006-ல் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2007-ல் பம்பாய் ஹைகோர்ட் மூன்று பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட், இல்லை, ஆறு பேரும் தூக்கிலேயே தொங்க வேண்டும் என்றது. மறு ஆய்வு மனுவும் 2010-ல் தள்ளப்பட்டது.

இதோடு முடிந்திருந்தால் ஆறு பிணங்களும் என்றைக்கோ மண்ணோடு மண்ணாகி இருக்கும். ஆனால் 2014-ல் வேறொரு வழக்கில், தூக்குக் கேஸ்களில் மறு ஆய்வு மனுவை மூன்று ஜட்ஜுகளாவது உட்கார்ந்து, திறந்த கோர்ட்டில் வக்கீல் வாதத்தைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. அதற்கு முன் அம்மனுக்கள் பெரும்பாலும் ஜட்ஜுகளின் அறைக்குள்ளேயே காகிதத்தைப் பார்த்து முடிக்கப்பட்டு வந்தன. புது விதிக்குப் பின் 2018-ல் இந்தக் கேஸும் மறுபடி திறக்கப்பட்டது. 2019 மார்ச் 5-ந் தேதி மூன்று ஜட்ஜுகள், ஆறு பேரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்தார்கள்.

இடையில் யாராவது வந்து, நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டானா? இல்லை. அதே கேஸைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பார்த்தபோது என்ன தெரிந்தது? உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்த சில நாட்களுக்குள்ளாகவே, போலீசார் காட்டிய போட்டோ ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருக்கின்றார். அந்த நால்வர் மீது கேஸும் இல்லை, விசாரணையும் இல்லை! ஆறு பேரில் ஒருவர் சம்பவ காலத்தில் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. மூன்று கோர்ட்டுகளும் ஒரு சிறுவன் கழுத்துக்குக் கயிறு அளந்திருக்கின்றன.

இந்த ஆறு பேரும் யார்? ஊர் ஊராய் அலையும் நாடோடிச் சாதியைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். 1871-ம் வருஷத்திய குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதிகளைப் பிறவியிலேயே திருடர்கள் என்று பதிந்து வைத்தது. அந்தச் சட்டம் 1952-ல் ஒழிந்தது. ஆனால் அந்த எண்ணம் ஒழிந்ததா? இவர்கள் ஏழைகள், நாடோடிகள் ஆனதால் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கின்றதே!

“செத்தவர்களுக்கு நியாயம் வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்றுதான் நாமும் சொல்லுகிறோம். சம்பந்தமில்லாதவனைத் தொங்கவிட்டால் செத்தவனுக்கு என்ன நியாயம் கிடைக்கும்? கொன்றவன் தப்பித்துக்கொள்ளுகின்றான் என்பதைத் தவிர வேறு பலன் உண்டா?

இந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவாயிற்று. சுமார் பதினாறு வருஷச் சிறைவாசத்திற்குக் கணக்குப் பார்த்தால் நாள் ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதுவாவது உயிரோடு இருந்ததனால் வாங்கிக்கொள்ள முடிந்தது. தூக்கில் போட்டிருந்தால் எந்த அப்பீல் கோர்ட் அவர்களை எழுப்பிக் கொடுத்திருக்கும்?

பத்து வருஷங் கழித்தாயினும் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்ட கோர்ட்டை நாம் பாராட்டுகிறோம். திருத்திக்கொள்ளுவதுதான் அறிவு, திருத்தவே கூடாது என்பது மூடநம்பிக்கை. ஆனால் தூக்குத் தண்டனை என்பது திருத்திக்கொள்ள இடமே வைக்காத தண்டனையாகும். அதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் தவறே செய்யாத போலீசும், பொய்யே சொல்லாத சாட்சியும், ஏமாறவே முடியாத ஜட்ஜும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் யாராவது இருந்தால் காட்டட்டும். காட்ட முடியவில்லையானால், அந்தக் கயிறு நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் எதற்காக இருக்கிறது என்று கேட்கின்றோம்.