பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா?

தோட்டத்துத் தாய்மார்களே, தந்தையர்களே!

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லையா? முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லையா? ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லையா? பேசிய ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோனதா? "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆட்டிசமாக இருக்கலாம், காதுக் கோளாறாகவும் இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் இதற்கென்றே கேள்விகள் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வராமல், வீட்டில் கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கும்.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. தாய் வளர்த்த குற்றமுமில்லை, செய்வினையுமில்லை. தடுப்பூசியைப் பழித்து 1998-ல் வந்த கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ ஏடே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தால் வீணாவது பிள்ளையின் காலம்தான்.

ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பிள்ளையைக் காட்டப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். நிர்வாகத்திடம் சேர்ந்தே கேட்போம்.