ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?

போன செமஸ்டர் லேப்ல சார்ப்பி டெஸ்ட் பண்ணோம். பெண்டுலம் விழுந்துச்சு, பீஸ் உடைஞ்சுச்சு, ரீடிங்கை எழுதிட்டு கேன்டீனுக்குப் போயிட்டோம். உடைந்த துண்டுகள் குப்பைக்குப் போயின. அந்தக் குப்பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் திருவொற்றியூர்க்காரன். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடினார்கள். அந்தக் கசிவுக்கு ஸ்டீலின் தரம்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா, நம்ம ஏரியாவுல ஓடுற பழைய குழாய், பழைய டேங்க் எல்லாம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது.

அதற்குப் பதில் சொல்லும் அளவுதான் ஃப்ராக்சர் டஃப்னஸ். ஏற்கெனவே விரிசல் விழுந்த ஸ்டீல், அந்த விரிசல் ஓடாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் கணக்கு. "சென்னைல ஏதுடா குளிரு, ஸ்டீல் எப்படி நொறுங்கும்?"னு கேட்கலாம். வெளியே 35 டிகிரி அடிச்சாலும், சாதாரண அழுத்தத்தில் திரவ அமோனியா இருப்பது மைனஸ் 33 டிகிரியில்.

சிக்கல் எங்கேன்னா, பாடப்புத்தக முறைக்குப் பெரிய பீஸ் வேணும். குறைந்தபட்சத் தடிமன் = 2.5 × (டஃப்னஸ் ÷ ஈல்டு ஸ்ட்ரென்த்)². டஃப்னஸ் 150, ஈல்டு 400 என்று போட்டுப் பாருங்க: 0.35 மீட்டர். அதாவது 35 சென்டிமீட்டர்! அவ்வளவு தடிமனான குழாய்ச் சுவர் எங்க இருக்கு? இருந்தாலும் யார் வெட்டித் தருவா?

இங்கேதான் சின்ன பீஸ் கைகொடுக்குது. 4 மில்லிமீட்டர் தடிமன், விரல் நகம் அளவுள்ள மினி சி.டி. பீஸ். உடைந்த சார்ப்பி துண்டிலிருந்தே இப்படிப் பல பீஸ் எடுக்கலாம். இன்னும் சின்னதா வேணும்னா, அரை மில்லிமீட்டர் தகட்டை ஒரு குண்டால் குத்திப் பார்க்கும் ஸ்மால் பஞ்ச் டெஸ்ட். கல்பாக்கத்தில் அணுமின் பொருட்களுக்கு இதில் பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஸ்டீல் நொறுங்கி உடையும் நிலையில், சின்ன பீஸ் பெரும்பாலும் ஸ்டீலுக்கு நல்ல பேர்தான் வாங்கித் தரும். விரிசல் முனையின் நீளம் குறைவு என்பதால், பலவீனமான இடம் அதில் மாட்டும் வாய்ப்பும் குறைவு. அதனாலதான் மாஸ்டர் கர்வ் முறையில் எல்லாவற்றையும் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். 4 மில்லிமீட்டர் பீஸ் 120 காட்டினால், உண்மையில் எடுக்க வேண்டியது சுமார் 83 தான். இந்தத் திருத்தம் இல்லாமல் "எல்லாம் ஓகே" என்று எழுதப்படும் ரிப்போர்ட், டெஸ்டே பண்ணாததை விட ஆபத்து. ஒரு சோறு பதம் பார்க்கலாம். ஆனா பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருக்கணுமே! வெல்டிங் உள்ள ஸ்டீல் அப்படி இல்லை. அதனால குறைஞ்சது ஆறு பீஸாவது வேணும், வெல்டு பக்கத்திலிருந்தும் எடுக்கணும்.

என் கருத்து இதுதான். 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உப்புக்காற்றையும் பார்த்த ஸ்டீல் அது. அந்த அனுபவத்தை எந்த லேபிலும் செயற்கையா உருவாக்க முடியாது. இப்படி ஒவ்வொரு பழைய ஆலையையும் பிரிக்கும்போது, உருக்கப் போகும் முன் தீப்பெட்டி அளவு துண்டுகளை எடுத்து, எந்த இடத்தில் எத்தனை வருஷம் இருந்தது என்று எழுதி, கல்லூரி லேப்களுக்குத் தரணும். வரும் முடிவு கம்பெனி ஃபைலுக்குள் தூங்காமல், குழாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் தெரியணும்.

இது பெரிய செலவு இல்லை. கேட்டது தீப்பெட்டி அளவு இரும்பு. காப்பாற்றப் போவது ஒரு குப்பத்தின் தூக்கம்.

அடுத்த லேப்ல பீஸ் உடைஞ்சதும் தூக்கிப் போடாதீங்க, மச்சி. சொல்ல வேண்டியதை அது இன்னும் சொல்லி முடிக்கல.