ஆயில் ஃபில்டரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?



இயற்கை விவசாயப் பத்திரிகையில் டிராக்டர் ஆயில் ஃபில்டரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். உரக்கடையை விட்டு வெளியே வந்தவர்கள் நாம். யூரியா மூட்டை கேட்டால், கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டையும் தலையில் கட்டி அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 'இது வேணும்னா அதையும் வாங்கு' என்கிற அந்த வியாபாரம் நம்மை இன்னும் விடவில்லை. உரக்கடையிலிருந்து டிராக்டர் ஷோரூமுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று ஜனங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கையில் கூலி கிடைக்கிற இடத்துக்குத்தான் யாரும் போவார்கள். ஆனால் கரிசல் மண் யாருக்காகவும் காத்திருக்காது. மழை பெய்த மறுநாள் இறங்கினால் ஒட்டும். ஒரு வாரம் விட்டால் கட்டி கட்டியாகப் பெயரும். நடுவில் இருக்கிற அந்த நாலைந்து நாள் பதத்தில் உழுது விதைத்தால்தான் வெள்ளாமை. அதனால் ரசாயனத்தை விட்ட நாமும் இயந்திரத்தை விட முடியவில்லை. டிராக்டரோ, பவர் டில்லரோ, களையெடுக்கும் கருவியோ ஏதாவது ஒன்று நம் தொழுவத்தில் நிற்கிறது.

நான் வங்கியில் இருந்த காலத்தில் டிராக்டர் கடன் நிறையக் கொடுத்திருக்கிறேன். கடன் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவோம். அதையாவது ஒன்றிரண்டு பேர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். வண்டியோடு வரும் வாரண்டி புத்தகத்தைப் படித்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் சண்டை வருவது அந்தப் புத்தகத்தில்தான்.

எங்கள் குழுவில் ஒருவருடைய டிராக்டர் வாரண்டி காலத்திலேயே, புரட்டாசி உழவு நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்த்ததும், "அண்ணாச்சி, வெளி ஃபில்டர் போட்டிருக்கீங்க. இனிமே வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். துணைக்குப் போயிருந்த நான், "சரிங்க, ஃபில்டராலதான் எஞ்சின் போச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றேன். எழுதித் தர மறுத்தார்கள். பதிவுத் தபாலில் கடிதம் போன பிறகுதான் கம்பெனி ஆள் வந்து கழற்றிப் பார்த்தார். ஆயில் பம்பில் கோளாறு. ஃபில்டர் நன்றாகவே இருந்தது. பாகங்களுக்கு வாரண்டி கிடைத்தது. ஆனால் அதற்குள் பதம் போய்விட்டது. வாடகை வண்டி வைத்துத்தான் அவர் விதைத்தார்.

எஞ்சினுக்குப் பெயர் படிக்கத் தெரியாது

ஆயில் ஃபில்டர் என்ன செய்கிறது? எஞ்சின் அடியில் இருக்கும் ஆயிலைப் பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாகத் தள்ளி, பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாள் இரும்புத் துகளையும் அழுக்கையும் பிடித்துக்கொள்கிறது. தாள் அடைத்துவிட்டால் எஞ்சின் ஆயிலில்லாமல் காயக்கூடாது என்று ஒரு பைபாஸ் வால்வு திறக்கும். அப்போது வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். வண்டி நிற்கும்போது ஃபில்டரில் உள்ள ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்கப் பல ஃபில்டர்களில் இன்னொரு வால்வும் உண்டு.

ஆக, பார்க்க வேண்டியவை: தாளின் தரம், பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, மரை அளவு, ரப்பர் வளையத்தின் அளவு. இவை சரியாக இருந்தால் டப்பாவின் மேல் யார் பெயர் இருந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றுதான். வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதும் இல்லை. ஃபில்டர் செய்யும் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன. அதே ஃபில்டர் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புகின்றன.

இதற்காக எல்லா ஃபில்டரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கம்பெனி ஃபில்டர், பெயர் பெற்ற வேறு கம்பெனியின் ஃபில்டர், டூப்ளிகேட் என்று மூன்று வகை இருக்கிறது. டூப்ளிகேட்டில் தாள் கிழியும், பசை விடும், வால்வு இறுகிக்கொள்ளும். அழகான அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறக்கூடாது. அட்டைப்பெட்டி அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டூப்ளிகேட் ஃபில்டரால் எஞ்சின் கெட்டால், அந்தச் செலவைக் கம்பெனி ஏற்க மறுப்பது நியாயம்தான். ஆனால் இரண்டாவது வகையையும் மூன்றாவதோடு சேர்த்து 'வெளி ஃபில்டர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது நியாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் இந்தியாவில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. கார் கம்பெனிகள் உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடுவதில்லை, வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி ரத்து என்று மிரட்டுகின்றன என்று 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கம்பெனிகள் மேல்முறையீடு போயின. மூன்று கம்பெனிகளின் வழக்கில் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தவறு தவறுதான் என்று உறுதி செய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது. அதன் பிறகும் வழக்கு மேலே போனது.

அபராதத் தொகையை விட நமக்கு முக்கியமானது ஆணையம் சொன்ன ஒரு கொள்கை. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது ஆணையம். அது கார் வழக்கு. ஆனால் டிராக்டருக்கும் நியாயம் அதுவே.

அமெரிக்காவில் 1975-லேயே ஒரு வாரண்டி சட்டம் வந்துவிட்டது. 'எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும்' என்று நிபந்தனை வைத்தால், அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அது கார் போன்ற குடும்ப உபயோகப் பொருட்களுக்கான சட்டம். டிராக்டருக்காக அந்த ஊர் விவசாயிகளும் தனியாகத்தான் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் போட்டது.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம், ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்கு இன்னொரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைத் தவறான வணிக முறை என்கிறது. யூரியாவோடு பாக்கெட்டைத் திணித்த அதே கதை. 'விவசாயம் தொழிலாச்சே, நீங்க நுகர்வோரே இல்ல' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விதை சரியில்லை என்று வழக்குப் போட்ட ஆந்திர விவசாயிகள் விஷயத்தில், விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வண்டி வாங்கும் முன்பே வாரண்டி புத்தகத்தைக் கேட்டுப் படியுங்கள். இப்போது ஐந்து வருடம், ஆறு வருடம் வாரண்டி என்று விளம்பரம் செய்கிறார்கள். வருடம் கூடக் கூட நம்மைக் கட்டிவைக்கும் கயிறும் நீளும். எந்தெந்தக் காரணத்துக்கு வாரண்டி ரத்தாகும் என்ற பக்கத்தை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, சர்வீஸ் நோட்டு. சான்றிதழுக்காகப் பண்ணைக் குறிப்பேடு எழுதுகிறோமே, அதுபோல. தேதி, ஹவர் மீட்டர் எண், ஆயில் கிரேடு, ஃபில்டர் பெயர், பில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். கையேட்டில் 250 மணி நேரம் என்று போட்டிருந்தால் அதற்குள் மாற்றுங்கள். 400 மணி நேரம் ஓட்டிவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. கரிசல் புழுதியில் ஓட்டுகிறவர்கள் ஏர் கிளீனரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அங்கே விட்ட புழுதிதான் கடைசியில் ஆயில் ஃபில்டரில் வந்து அடைக்கிறது.

மூன்றாவது, வெளி ஃபில்டர் வாங்கினால் பெயர் பெற்ற கம்பெனியாக, உங்கள் மாடலுக்கு உரியதாக, பில்லோடு வாங்குங்கள். ஒரு ஃபில்டரில் மிச்சமாவது சில நூறு ரூபாய். எஞ்சின் வேலை வந்தால் லட்சத்தைத் தொடும். விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

நான்காவது, வாரண்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய ஃபில்டரை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். படம் எடுத்து, பையில் கட்டி வையுங்கள். நமக்கு அதுதான் சாட்சி. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நம் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. நாமே ஃபில்டர் மாற்றினால் பழைய ஆயிலும் நம் பொறுப்பு. அதை வரப்பிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். கரையானுக்கென்று மரத்தில் பூசவும் வேண்டாம். கேனில் சேர்த்து, உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.

அமைப்பாகக் கேட்க வேண்டியது

ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சண்டை போட்டால் ஒவ்வொரு பருவமும் போய்விடும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அது வெறும் அறிவிப்பாக நின்றுவிடாமல் கட்டாயச் சட்டமாக வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது என்பதை நம் அங்ககச் சான்றிதழிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கம்பெனியின் பஞ்சகவ்யத்தைத்தான் தெளிக்க வேண்டும் என்று எந்த ஆய்வாளரும் சொல்வதில்லை. எது சேரலாம், எது சேரக்கூடாது என்பதே விதி. அதற்கு உட்பட்டு நம் மாட்டுச் சாணத்தில் நாமே தயாரிக்கிறோம். டிராக்டர் வாரண்டியும் அப்படி இருக்கட்டும். ஃபில்டர் என்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று கம்பெனி எழுதட்டும். யாரிடம் வாங்க வேண்டும் என்று எழுத வேண்டாம். எஞ்சின் கெட்டால், ஃபில்டர்தான் காரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியுடையதாக இருக்கட்டும். அரசு மானியத்தில் கொடுக்கும் கருவிகளுக்காவது இந்த இரண்டு நிபந்தனையையும் வேளாண் பொறியியல் துறை உடனே விதிக்கலாம். மானியம் மக்கள் பணம்தானே.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும்போது அவரவர் வாரண்டி புத்தகத்தைக் கையில் கொண்டு வாருங்கள். முதலில் அதைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.