மெத்தைமேல் சோலார்: தெருவிலிருந்து பார்த்தது போதும்

போன கார்த்திகையில் புதுச்சேரி தமிழர் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து ஊஞ்சல்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள். "ரெண்டு மாசமா சுண்ணாம்புத் தூள் கொட்டுது சார், அதான்" என்றார் வீட்டுக்கார அம்மா. அண்ணாந்து பார்த்தேன். இரண்டு தேக்குத் தூலங்களுக்கு நடுவே, சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல் வரிசையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரக் கறை. மாடிப்படி ஏறி மெத்தைக்குப் போனால், அதற்கு நேர் மேலே சோலார் ஸ்டாண்டின் ஒரு கால் நின்றது. போல்ட்டைச் சுற்றித் தடவியிருந்த சிலிகான் பசை ஒரு கோடை வெயிலுக்கே விளிம்பு விட்டுப் பிரிந்துவிட்டது. நகத்தால் கிள்ளினேன், ரப்பர் வளையம்போல முழுசாகக் கையோடு வந்தது. நான்கு கால், காலுக்கு நான்கு போல்ட். ஆக, நூறாண்டு தாண்டிய தளத்தில் பதினாறு ஓட்டை.

இந்த வீட்டில் பேனல் வைப்பதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. காரணம், தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

மரபுப் பகுதியில் சோலார் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அது இந்த ஒரு கேள்வியிலேயே சுற்றுகிறது: தெருவிலிருந்து தெரியுமா? தெரிந்தால் கூடாது, தெரியாவிட்டால் சரி. பழைய கட்டடங்களின் தாங்குதிறனைப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், புதுவைக்கு இது தப்பான கேள்வி. நாம் கேட்க வேண்டியது, தளம் என்ன ஆகும் என்பதைத்தான்.

தெருமுகம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. வைசியாள் வீதியில் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணை, அதன்மேல் மரத்தூணில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம், வீட்டுக்கு வீடு அறுபடாமல் ஓடும் அந்த வரிசைதான் தெருவின் அழகு. அதை மீட்டெடுத்த வேலைக்குத்தான் 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அந்தத் தாழ்வாரத்து ஓட்டின்மேல் பேனலைச் சாய்த்து வைக்க யாராவது கிளம்பினால் நானே குறுக்கே நிற்பேன். ஆனால் யாரும் அங்கே வைக்கப்போவதில்லை. வெயில் விழுவது மெத்தையில்.

'தெரியுமா' என்ற கேள்வி இங்கிலாந்து மாதிரியான ஊர்களில் பிறந்தது. லண்டன் 51 டிகிரி வடக்கில் இருக்கிறது. வீட்டுக் கூரைகள் செங்குத்தாகச் சரிந்து தெருவைப் பார்க்கும். அங்கே பேனல் வைத்தால் அது வீட்டின் நெற்றியில் ஒட்டியதுபோல இருக்கும். ஆகவே அவர்கள் அதற்கேற்ற விதி வைத்துக்கொண்டார்கள், நியாயம்தான். புதுச்சேரி 12 டிகிரி. பேனலையும் ஏறக்குறைய 12 டிகிரி சாய்த்தால் போதும். இப்போது கடையில் கிடைக்கும் 550 வாட் பேனல் சுமார் ஏழரை அடி நீளம். அதை அந்தச் சாய்வில் வைத்தால் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒன்றரை அடிதான் உயரும். நம் பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவருக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். சாய்வை இன்னும் குறைத்தாலும் மின்சாரத்தில் பெரிய நட்டமில்லை, தூசி மட்டும் கொஞ்சம் கூடத் தங்கும்.

அடங்காமல் போவது எப்போது? துணி உலர்த்தவும் வடாம் போடவும் கீழே இடம் வேண்டும் என்று எட்டடி உயர ஸ்டாண்டு போடும்போது. வீட்டுக்காரர்களின் ஆசை புரிகிறது. ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று கொடுக்கும் அடி கூடும், தெருவுக்கும் தெரியும். வடாமை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இந்தத் தளம் எதனால் ஆனது என்று பேனல் பொருத்த வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அவர்கள் பழகியது கான்கிரீட். டிரில்லை வைப்பார்கள், ஆங்கர் போல்ட்டை இறக்குவார்கள், முறுக்குவார்கள். கான்கிரீட் அந்த போல்ட்டைக் கவ்விப் பிடிக்கும். மெட்ராஸ் டெரஸ் என்ற இந்தப் பழைய தளம் பிடிக்காது. அது வேறு பிறவி. ஒன்றரை இரண்டு அடி இடைவெளியில் தேக்குத் தூலங்கள். அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் நெருக்கி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும்வரை அடி நிற்காது. கடைசியில் தட்டோடு.

இத்தனை அடுக்கும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு அழுத்தத்தால் நிற்கின்றன. கீழ்நோக்கி எடை ஏறினால் இன்னும் இறுகிக்கொள்ளும். இழுத்தால் தாங்காது. அதிர்ந்தாலும் தாங்காது. சுத்தியல் டிரில்லின் கடகடப்பில் கீழ் வரிசைச் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்து உதிரும். ஊஞ்சல்மேல் கொட்டிக்கொண்டிருந்தது அதுதான். ஓட்டை வழியாக இறங்கும் மழைநீர் செங்கல்லோடு நின்றுவிடாது. தூலத்தின் தலைமாடு சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் போய்த் தேங்கும். அங்கே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மரம் அங்கிருந்துதான் உளுக்கத் தொடங்குகிறது. வெளியே தெரியும் பாகம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே முனை பொடியாகிவிட்டிருக்கும்.

"சார், பேனல் எடையைப் பழைய தளம் தாங்குமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாகத் தாங்கும். ஒரு பேனல் 28 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரும். தளத்தின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு முந்நூறு நானூறு கிலோ. கல்யாணத்துக்கு மெத்தையில் பந்தல் போட்டு ஊரையே உட்காரவைத்த தளம் அது.

பயம் மேல்நோக்கி. புயல் காற்று பேனலைத் தளத்தோடு அழுத்தாது, கீழே புகுந்து தூக்கும். கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஒரு பேனல் இரண்டரை சதுர மீட்டர். சாய்வையும் இடத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். ஆனாலும் ஒரு பேனலுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் இழுப்பு வரலாம் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பேனல். மொத்தம் இரண்டு டன் இழுப்பு, பதினாறு போல்ட்டில். அந்த போல்ட்டுகள் இறங்கியிருப்பதோ மூன்று அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியில்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது காற்றைவிட மழைதான் மிரட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஓட்டையுள்ள தளத்துக்கு இரண்டுமே எமன்.

சிலர் கெட்டிக்காரத்தனமாக, ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைக்கிறார்கள். கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. இங்கே இரண்டு டன் பாரத்தை நான்கு கால்களுக்குக் கீழே குவித்தால், கால் விழும் இடம் தூலத்தின் மேலா, இரண்டு தூலங்களுக்கு நடுவே அரைச் செங்கல்லின் மேலா என்பது வைப்பவருக்கே தெரியாது.

பிறகு என்னதான் செய்வது? தளத்தைத் தொடாமல் சுவரைத் தொட வேண்டும். அந்தக் காலத்தில் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது கிடைத்த மரத்தின் நீளம். அதனால் பழைய வீட்டு அறைகள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் அடங்கிவிடும். இரு புறமும் ஒன்றரை, இரண்டடிக் கனச் சுவர். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இரும்பு உத்திரம் போட்டு, தளத்துக்கு ஒரு சாண் மேலே ஓடவிட்டு, அதன்மேல் பேனலை நிறுத்தலாம். உத்திரத்தின் முனையைச் சுவருக்குள் மூன்றடி ஆழம்வரை கம்பியால் கட்டிப்போட்டால், காற்று பேனலைத் தூக்க வேண்டுமென்றால் அத்தனை சுவரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தளத்தில் ஓர் ஆணிகூட இறங்காது. அடியில் துடைப்பம் போகும், மழைநீர் பழைய வாட்டத்திலேயே ஓடும், நாளைக்குத் தட்டோடு மாற்றவும் வழி இருக்கும். செலவு கூடத்தான் ஆகும். கடலோரத்தில் இரும்பைச் சூடாக நாகத்தில் முக்கியெடுத்ததாகவே வாங்க வேண்டும், போல்ட் துருப்பிடிக்காத எஃகில் வேண்டும். பெயின்ட் அடித்த ஆங்கிள், ஒயிட் டவுன் உப்புக் காற்றில் இரண்டு மழையைத் தாண்டாது.

தெருவிலிருந்து தெரியக் கூடாதவை என்று ஒரு பட்டியல் போடத்தான் வேண்டுமென்றால், அதில் பேனல் கடைசி. முதலில் வருவது வெள்ளை பிளாஸ்டிக் குழாய். மெத்தையிலிருந்து மீட்டருக்கு வயர் இறக்க இருப்பதிலேயே குறுக்கு வழி முன்சுவர்தான் என்று, சுண்ணாம்புச் சுதை வேலைப்பாட்டின் குறுக்கே கிளாம்பு அடித்துக்கொண்டு இறங்கும். வாசற்கதவுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் பெட்டி. போதாக்குறைக்கு எர்த் குழி மூன்று. இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்துக்கு ஒன்று. திண்ணையை ஒட்டியே தோண்டிவிடுவார்கள். அங்கேதான் ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் படுத்திருக்கிறது என்ற நினைப்பே இருக்காது. வயரை முற்றத்து வழியாக இறக்கி, இன்வெர்ட்டரை ரேழிக்குள் காற்றோட்டமாக மாட்டி, குழிகளைப் பின்கட்டுத் தோட்டத்தில் போட்டால் வயர் இருபது முப்பது அடி கூடும். அவ்வளவுதான் விஷயம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, டிஷ் குடை, ஏசி பெட்டி எல்லாம் தெருவுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கும்போது, கைப்பிடிச் சுவருக்குள் படுத்திருக்கும் பேனலைப் பார்த்து மட்டும் மரபு கெட்டது என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

முகப்பை மட்டும் பார்த்து மரபைக் காப்பதாக நினைத்ததற்கு இந்த ஊர் ஒரு தடவை விலை கொடுத்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் ஊரே படம் பிடித்துக்கொண்ட 19ஆம் நூற்றாண்டு நகர மண்டபமான மேரி கட்டடம், பல வருடக் கவனிப்பின்மைக்குப் பிறகு, 2014 நவம்பர் 29 மழையில் இடிந்து விழுந்தது. அதே சாயலில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். இப்போது நிற்பது அழகாகத்தான் இருக்கிறது.

மானியம் இன்னொரு அவசரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் ஒன்றிய அரசின் மானியம். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் மானியம் பேனலுக்குத்தான், தளத்துக்கு இல்லை. 78,000-ஐ எட்ட வேண்டுமே என்று மூன்று கிலோவாட் போடுகிறார்கள். அது நாளைக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். அவ்வளவு எதற்கு என்று கேட்டால் ஏசிக்கு. ஏசி எதற்கு? முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியாயிற்று, சூடு மேலே போக வழியில்லை, அதற்கு. இதே ஊரில் 1930-களில் கட்டத் தொடங்கிய ஆசிரமத்துக் கோல்கொண்ட் விடுதி, இரு பக்கமும் அசையும் பலகைகளால் காற்றை உள்ளே அழைத்தே கோடையைச் சமாளிக்கிறது. முற்றத்து ஷீட்டைக் கழற்றினால் ஒரு கிலோவாட் மிச்சம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வதுண்டு. யாரும் கேட்பதில்லை, கொசு வருமாம்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயக் கூரையில் 2023-ல் 438 பேனல்களை ஏற்றினார்கள். மரபு அமைப்பே எதிர்த்தது, நகர சபை அனுமதித்தது. அந்தச் சண்டையைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். கூரையின் ஈயத் தகட்டை எப்படியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அந்த வேலையோடு வேலையாகச் செய்தார்கள். நமக்கும் அந்தப் புத்தி வேண்டும். மரபு வீட்டுக்கு அனுமதி தரும்போது தெருவிலிருந்து எடுத்த போட்டோவைக் கேட்பதற்குப் பதிலாக, தூலத்தின் தலைமாட்டைத் தட்டிப் பார்த்த ஒரு பொறியாளரின் சீட்டைக் கேளுங்கள். மரபுப் பட்டியலில் உள்ள வீடு என்றால் தளப் பழுதுக்கும் சேர்த்து அரசு ஒரு தொகை கொடுக்கட்டும். இடிக்காமல் வைத்திருப்பவருக்கு இன்றைக்குக் கிடைப்பது பாராட்டு ஒன்றுதான். இடித்து நாலு மாடி எழுப்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கு வாடகையும் உண்டு, வெயிலும் உண்டு. அவர் நிழல் இவர் மெத்தையில் மதியத்துக்கு மேல் விழுகிறது. ஒரு பேனல் பாதி நிழலில் கிடந்தால், அதே சரத்தில் கோத்த மற்றவையும் சோர்ந்துவிடும்.

தளம் தாங்காத வீடுகளும், நிழல் விழும் வீடுகளும் இருக்கின்றன. அவற்றை மெத்தையோடு கட்டிப்போட வேண்டியதில்லை. டெல்லியில் 2019 முதல் ஓரிடத்தில் விளையும் சோலார் மின்சாரத்தைப் பல வீடுகளின் பில்லில் பகிர்ந்து கழிக்க விதி இருக்கிறது. அதேபோல இங்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கூரையில் தெருவுக்கே பேனல் வைத்து, பழைய மெத்தைகளை வடாமுக்கு விட்டுவிடலாம்.

அந்த ஊஞ்சல் வீட்டுக்கு வருகிறேன். பேனல்களைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன். ஓட்டைகளைச் சிமென்ட்டால் அடைக்கிறேன் என்று வந்த கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன். சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஒரே அளவில் விரியாது, அடுத்த கோடையில் அதே இடம் வட்டமாகப் பிளக்கும். பழைய தளவேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவி, ஈரத்தை முகர்ந்து பார்த்து, "தை பொறக்கட்டும். இந்த ஈரத்துல சுண்ணாம்பு பிடிக்காது" என்றார். அதுவரை தார்ப்பாய்.

"கரண்ட் பில்லு?" என்று கேட்டார் அம்மா.

முற்றத்து ஷீட்டைக் காட்டினேன்.

- கட்டுரையாளர்: மரபுக் கட்டடங்களின் அமைப்புப் பொறியாளர், புதுச்சேரி.