அல்சூர் ஏரியில் மீன் செத்தால் யாரைக் கேட்பது? பெங்களூரு மாநகராட்சித் தேர்தலும் உங்கள் ஓட்டும்

2016 மார்ச். அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. காலை நடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். கழிவுநீர் கலந்து தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அன்றைக்கு அந்த வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். போய்ச் சத்தம் போட ஒரு வாசல் இருந்தது.

அதே சம்பவம் அடுத்த வாரம் நடந்தால் நீங்கள் யாரிடம் போவீர்கள்?

சிவாஜிநகர், அல்சூர், பாரதிநகர் பக்கம் குடியிருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இது ரொம்பவே நடைமுறைக் கேள்வி. 2025 இறுதி நிலவரத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டோம்?

2015 ஆகஸ்ட் 22. அப்போது பெங்களூரு முழுவதும் ஒரே மாநகராட்சி (பிபிஎம்பி), 198 வார்டுகள். பாஜக 100 இடங்களும் காங்கிரஸ் 76 இடங்களும் பிடித்தன. வாக்குப்பதிவு பாதியைக்கூடத் தொடவில்லை, சுமார் 49 சதவீதம்தான்.

அந்த கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பர் 10-ல் முடிந்தது. அதிலிருந்து நகரத்தை நடத்துவது அரசு நியமித்த அதிகாரிகள். 2025 செப்டம்பரோடு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதாவது ஒரு முழு கவுன்சில் காலமே தேர்தல் இல்லாமல் ஓடிப்போனது.

இன்னொரு கணக்கு. 2015 பட்டியலில் பெயர் சேர, அந்த ஆண்டு ஜனவரி 1-ல் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே 1997 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த யாரும் பெங்களூரு மாநகராட்சிப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டதே கிடையாது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தப் பட்டியலில்தான் இருப்பீர்கள்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

தரவில்லை. அரசியலமைப்பின் 243யு பிரிவு நகராட்சி அமைப்புகளுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள் என்கிறது. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும். வார்டு மறுவரையறையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆனால் பெங்களூருவில் வரைபடம் மாறிக்கொண்டே இருந்தது. 198 வார்டுகள் 243 ஆகின, பிறகு 225. இப்போது 369. ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் ஆட்சேபம், இடஒதுக்கீடு, வழக்கு என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இது பெங்களூரு வியாதி மட்டுமல்ல. சென்னையிலும் 2016 அக்டோபரில் கவுன்சில் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 செப்டம்பர் 2 முதல் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது: மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. இவற்றுக்கு மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம். சிவாஜிநகர் தொகுதி, மத்திய மாநகராட்சியில் வருகிறது. அதற்கு 63 வார்டுகள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிபிஎம்பி எல்லைக்குள் சுமார் 84.4 லட்சம் பேர். 198 வார்டு என்றால் ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய 42,600 பேர். 369 என்றால் 22,900 பேர். இன்றைய மக்கள்தொகை இதைவிட எவ்வளவோ கூடுதல் என்றாலும், விகிதம் அதேதான். கவுன்சிலர் உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பக்கத்தில் வருகிறார். அவர் கையில் எவ்வளவு அதிகாரம் மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

சரி, கவுன்சிலர் வந்தால் ஏரி சுத்தமாகிவிடுமா?

நேர்மையாகச் சொன்னால், ஆகாது. 2016-ல் கவுன்சிலர் இருக்கும்போதே மீன் செத்தது.

காரணம், ஏரி ஒன்றுதான், பொறுப்பாளிகள் பலர். பராமரிப்பும் மழைநீர்க் கால்வாயும் மாநகராட்சி அமைப்பிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர், கழிவுநீர் வாரியத்திடம். நீரின் தரத்தைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரையின் ஒரு பக்கம் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ராணுவ வளாகம். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

அங்கேதான் கவுன்சிலர் தேவைப்படுகிறார். எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, "யார் எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்க, மாற்றல் உத்தரவில் போய்விடாத ஒருவர் வேண்டும். அதிகாரிக்கு அடுத்த போஸ்டிங் இருக்கிறது. கவுன்சிலருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது.

வேட்பாளரிடம் கேட்க வேண்டிய நான்கு

1. ஏரிக்கு வரும் கால்வாய்களில் எங்கெல்லாம் கழிவுநீர் கலக்கிறது? அந்த இடங்களின் பட்டியலை முதல் ஆறு மாதத்தில் வெளியிடுவீர்களா?

2. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தெருக்களில் கோடைக்கு முன்பே தூர்வாருவீர்களா, வெள்ளம் வந்த பிறகா?

3. ரசல் மார்க்கெட்டில் சேரும் இறைச்சி, மீன், காய்கறிக் கழிவை தினமும் எத்தனை முறை எடுப்பீர்கள்? கால்வாயில் போய் விழும் குப்பையில் பாதி வேலை இங்கேயே முடியும்.

4. வார்டு கமிட்டியை மாதம் ஒருமுறை கூட்டி, செலவுக் கணக்கைக் கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் ஒட்டுவீர்களா? இந்தப் பகுதியில் இந்த மூன்று மொழியும் இல்லாமல் கணக்கு யாருக்கும் போய்ச் சேராது.

பாலம், சிலை, அலங்கார விளக்கு என்று வாக்குறுதி வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நான்குக்கும் தேதியோடு பதில் வாங்குங்கள்.

ஊர் ஓட்டா, பெங்களூரு ஓட்டா?

பலருக்கும் இங்கேதான் தயக்கம். சம்பளம் பெங்களூருவில், ஓட்டு திருப்பத்தூரில். சட்டப்படி ஒரே இடத்தில்தான் பெயர் இருக்கலாம். மாநகராட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. இங்கே மாற்றினால் சொந்த ஊரின் சட்டமன்ற ஓட்டை விட வேண்டும். லேசான முடிவல்ல. வருஷத்துக்கு இரண்டு முறை பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போகும் ஊரா, தினமும் தண்ணீர் பிடிக்கும் ஊரா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாற்ற முடிவு செய்தால் படிவம் 8. முதல்முறை வாக்காளர் என்றால் படிவம் 6. இரண்டையும் ஆன்லைனில் போடலாம். வாடகை வீட்டில் இருப்பவரும் பதியலாம், சொந்த வீடு தேவையில்லை. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் தாமதமாகிவிடும்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறக்கப்பட்டது. காத்திருப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் சிலைக்குக் காத்திருக்கலாம், சாக்கடைக்கு முடியாது. இன்று இரவு ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.