இல்லும் முன்றிலும்

‘முன்றில்’ என்னும் சொல்லை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு வகுப்பில் நாம் நகர்ந்து விடுகிறோம். இல்லின் முன் என்னும் பொருளில் ‘இல்முன்’ என்று இருக்க வேண்டியது, முன்பின் மாறி முன்றில் ஆயிற்று. சான்றோர் அதை ஏற்றுக்கொண்டனர். அவ்வளவுதான் பாடம். ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் எழுந்து நிற்கும் புதிய கான்கிரீட் வீடுகளைப் பார்க்கையில் அச்சொல் வேறு விதமாக நினைவில் எழுகிறது. வீட்டுக்கு முன்னிருக்கும் வெளி, சொல்லிலும் வீட்டை முந்திக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. அரசின் வீட்டுத் திட்டங்களில் மட்டும் அதற்கு இடமில்லை.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் சூரிய விளக்குகளோடு 300 சதுர அடியில் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள், 2016இல் குறைந்தது 25 சதுர மீட்டர் என்று வரையறுத்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024இல் 360 சதுர அடிக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம். ஆட்சிகள் மாறினாலும், தொடக்கத்தில் இருந்ததைவிட இன்று பரப்பளவும் தொகையும் கூடியிருக்கின்றன. இதைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் இவை அனைத்திலும் வீடு என்பது நான்கு சுவர்களும் அவற்றின் மேல் ஒரு தளமும் மட்டுமே.

ஜமுனாமரத்தூருக்கு அருகே பட்டறைக்காட்டில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே மூடுகல். இறந்தோர்க்காக எழுப்பப்பட்ட அவற்றை வாழ்ந்தோரின் வீடுகள் என்று எண்ணிய பிற்காலத்தார், அவ்வளவு சிறிய வீட்டில் குடியிருந்தவர்கள் குள்ளர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ‘குள்ளர் குகை’ எனப் பெயரிட்டு விட்டனர். இன்றைய நம் தொகுப்பு வீடுகளைப் பார்த்து எதிர்காலத்தார் என்ன பெயரிடுவார்களோ!

இலக்கியம் படித்த நமக்கு இவ்விடத்தில் ஒரு சபலம் உண்டு. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட பழைய வீட்டை எண்ணிப் பெருமூச்சு விடுவது. அந்தப் பெருமூச்சைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டியவர் நாமல்லர். மழை இரவில் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துவிட்டு விழித்திருப்பவரும் நாமல்லர். ஒரு தீப்பொறியில் ஓராண்டுத் தானியமும் விதையும் கருகிப்போன வீடுகள் மலையெங்கும் உண்டு. கான்கிரீட் வீடு கிடைத்த குடும்பம் மகிழ்கிறது, அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஏலகிரியில் வார இறுதி விருந்தினர்க்காகக் கூரை வேய்ந்த குடில்களை எழுப்பி விடுதிக்காரர்கள் வாடகை வாங்குவதும், மலைவாழ் குடும்பங்கள் கூரையை விட்டுத் தளத்துக்குள் போவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. கூரைக்குள் உறங்குவது யாருக்குத் தேர்வு, யாருக்கு வேறு வழியில்லாமை என்பதை இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

ஆகவே நம் கேள்வி மண்ணா சிமெண்டா என்பதன்று. புதுவீட்டுக்குள் அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதே.

பழைய மலையாளி வீட்டில் அடுப்பு வீட்டின் நடுநாயகம். அடுப்புப் புகை மேலேறிப் பரணில் கிடக்கும் சாமை, கேழ்வரகு விதைகளைப் பூச்சி அண்டாமல் காத்தது. கூரைப்புல்லையும் செல்லரிக்காமல் வைத்தது. அதே புகைதான் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அரித்தது. புதுவீட்டில் புகைக்கு இடமில்லை, நல்லதே. ஆனால் பரணும் போயிற்று. விதை இப்போது சிமெண்ட் பையில் கட்டப்பட்டு, படுக்கிற அறையின் மூலையில் கிடக்கிறது. எரிவாயு உருளை தீர்ந்த நாள்களில் விறகடுப்பு வெளியே மூட்டப்படுகிறது. சாமையைத் தளத்தின் மேல் காயப்போடலாம், பழைய கூரை தராத வசதி அது. ஆனால் படிக்கட்டுக்குத் தொகையில் இடமில்லாததால் மரஏணியைச் சாய்த்து மூட்டையோடு ஏற வேண்டியிருக்கிறது. கழிப்பறை கட்டியாயிற்று, தண்ணீர் இன்னும் குடத்தில் வருகிறது. எனவே சில வீடுகளில் அங்கும் மூட்டைகளே அடுக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் தளம் பகல் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரவில் இறக்குகிறது. மார்கழியில் சுவரும் தரையும் சில்லிட்டுப் போகின்றன. பல குடும்பங்கள் பழைய குடிலை இடிக்காமல் அருகிலேயே வைத்திருப்பதைப் பார்த்து, இவர்கள் புதுமைக்குப் பழகவில்லை என்று சலித்துக்கொள்வாரும் உண்டு. புதுவீடு தராத பாதியைப் பழைய வீட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே நாம் கண்டது.

பத்துப்பாட்டின் கூத்தராற்றுப்படை, அதாவது மலைபடுகடாம், இந்த நிலப்பரப்பை ஒட்டிய பாட்டு. அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் வழியிலுள்ள சிறுகுடிகளில் உரிமையோடு நுழைந்து உண்ணலாம் என்கிறது அப்பாட்டு. வழிப்போக்கர் கூட்டமாக வந்திறங்க வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே ஒரு வெளி வேண்டும். இன்றும் மலையில் பஞ்சாயத்துப் பேச்சும், பெண் கேட்டு வருவதும், இழவும், பலாப்பழம் அறுத்துப் பகிர்வதும் வாசலில்தான். ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளில் இவற்றுக்குத் தெருவே கதி. ஆடுமாடுகளுக்கும் அதே தெருதான்.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றரை இலட்சம் என்பது சமவெளிக்கும் மலைக்கும் ஒன்றே. செங்கல்லும் கம்பியும் சிமெண்டும் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ மலைப்பாதையில் ஏற வேண்டும். சாலை முடியும் ஊருக்கு அப்பாலிருக்கும் வீட்டுக்கு அவை தலைச்சுமையாகப் போக வேண்டும். உதவித்தொகை கட்டுமானத்தின் படிநிலைகளுக்கேற்பவே வருவதால், ஒவ்வொரு படிக்கும் முன்னதாகக் கைப்பணம் வேண்டும். மலையில் கைப்பணத்துக்கு வழி எங்கே? மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போவது நெடுநாள் வழக்கம். இன்னோர் அபாயமான வழி ஆந்திரக் காடுகளுக்குப் போனது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாது மலையினரும் உண்டு. பூட்டிக் கிடக்கும் புதுவீடுகளைக் கடக்கும்போது, கட்டிய வீட்டில் குடியிருக்கவும் ஒரு வருவாய் வேண்டும் என்பது உறைக்கிறது.

வேறு விதமாகக் கட்ட முடியாதா? இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து அங்கேயே கட்டடக்கலை பயின்ற லாரி பேக்கர், 1945இல் இந்தியா வந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் கற்ற கலை அந்த மலையில் பயன்படாது என்பதையும், அங்குள்ளோர் கல்லையும் மண்ணையும் கையாளும் முறையில் தலைமுறைகளின் ஆய்வு உறைந்திருப்பதையும் அங்கேதான் கண்டார். பின்னர் கேரளத்தில் அவர் எழுப்பிய வீடுகள் அந்தப் படிப்பின் விளைவு. குடியிருப்பவரிடம் கேட்டுவிட்டுக் கோடு போடுவது அவர் வழக்கம். நம் திட்டங்களில் கோடு முன்பே போடப்பட்டு விடுகிறது.

கனவு இல்லத் திட்டத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. 360 சதுர அடியில் 300க்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். எஞ்சிய 60 சதுர அடிக்கு, தீப்பற்றாத எந்தக் கூரையையும் பயனாளி தேர்ந்துகொள்ளலாம். ஆறில் ஒரு பங்கு உரிமை! மலைக்கு இந்தப் பங்கைப் பெருக்கலாம். ஓடு வேய்ந்த தாழ்வாரம், பரண், ஏணிக்குப் பதிலாகப் படிக்கட்டு ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம். சுமைக்கூலியைத் தனியே தரலாம். பட்டா இல்லாதோர்க்கு வீடு இல்லை என்னும் விதியை, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தலைமுறைகளாகக் காட்டோரம் குடியிருப்பவரிடம் காகிதம் இல்லாதது அவர் குற்றமன்று. வரைபடத்தை இறுதி செய்யுமுன் ஊர்ப் பெண்களை உட்கார வைத்து, அடுப்பு எங்கே, விதை எங்கே, மாடு எங்கே என்று கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அதற்குத் தனி அரசாணை வேண்டியதில்லை; ஒன்றியப் பொறியாளர் ஒருவர் மனம் வைத்தால் அடுத்த பட்டியலுக்கே செய்துவிடலாம்.