டொங்கிள் வாங்கும் கமிட்டியாருக்கு: பெட்டியைப் பார்க்காதீர்கள், கேர்னலைக் கேளுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்கள், பழைய மாணவர் சங்கத்தார், வெளிநாட்டில் இருந்து பாடசாலைக்கு சாமான் அனுப்பும் தம்பிமார் தயவுசெய்து முழுசா வாசியுங்கள். விஷயம் உங்கள் பணம் பற்றியது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும். நன்கொடையாக வந்த பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதனால் கணினிக் கூடத்தை லினக்ஸுக்கு மாற்றுவோம் என்ற பேச்சு ஊரில் அடிபடுகிறது. நல்ல பேச்சு. நாமும் அதன் பக்கம்தான்.

ஆனால் அடுத்து நடப்பது என்ன? ரவுட்டர் அதிபரின் அறையில், கணினிகள் அடுத்த கட்டிடத்தில். யாரோ ஒரு நல்ல மனிதர் கடையில் இருப்பதிலேயே மலிவான யூ.எஸ்.பி வைபை டொங்கிள்களை மொத்தமாக வாங்கித் தருகிறார். போட்டோ எடுக்கிறோம், பேஸ்புக்கில் போடுகிறோம். அடுத்த நாள் செருகினால் பாதி வேலை செய்யாது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "லினக்ஸ் சரி வராது சேர்."

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்கமாட்டோம். பிழை லினக்ஸில் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. சாமான் தெரிவு செய்த விதத்தில் இருக்கிறது. ட்ரைவர் இல்லாத பஸ்ஸை அன்பளிப்புச் செய்துவிட்டு, பிள்ளைகள் ஏன் சுற்றுலா போகவில்லை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறதா?

ட்ரைவர் எப்படித் தெரிவாகிறது என்று பார்ப்போம். டொங்கிளைச் செருகியதும் அது கணினியிடம் தன் அடையாள எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண் ஒன்று, பொருள் எண் ஒன்று, என்ன வகைச் சாதனம் என்பதற்கான குறியீடு. லினக்ஸின் இதயமான கேர்னல் தன்னிடம் உள்ள ட்ரைவர்களின் பட்டியலில் அந்த எண்களைத் தேடும். இருந்தால் உரிய ட்ரைவர் தானாக ஏறும். இல்லாவிட்டால் டொங்கிள் வெறும் பிளாஸ்டிக் துண்டு. பெட்டியில் அச்சடித்த பெயரையும் வேகத்தையும் கேர்னல் வாசிப்பதில்லை. உள்ளே இருக்கும் சிப்தான் அதற்குக் கணக்கு.

சில சாதனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் வேலை செய்யத் தயாராக வரும். ஒன்று உலகப் பொது முறை, மற்றது கம்பனியின் தனி முறை. அப்போது கேர்னல் எதை எடுக்கும்? யூ.எஸ்.பி பகுதியில் அதற்கு ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. பொதுவாக, தனி முறையில் அமையாத முதலாவதை எடு. காரணமும் அங்கேயே இருக்கிறது: பொது வகைக்கான ட்ரைவர் லினக்ஸில் இருக்கும் சாத்தியம் கூட. எவ்வளவு நிதானமான விதி பாருங்கள்! எல்லோருக்கும் பொதுவானது முதலில், ஒரு கம்பனிக்கு மட்டும் உரியது பிறகு.

இந்த விதிக்கு நியாயமான விலக்கும் உண்டு. யூ.எஸ்.பியில் செருகி லேன் வயர் போடும் அடப்டர்களில் ரியல்டெக் கம்பனியின் ஆர்டிஎல்8153 சிப் மிகப் பிரபலம். இதை சிடிசி ஈதர் என்ற பொது ட்ரைவரும் ஓட்டலாம், ஆர்8152 என்ற தனி ட்ரைவரும் ஓட்டலாம். தனி ட்ரைவரில் வசதி கூட: சில கணக்கு வேலைகளை சிப்பே பார்த்துக்கொள்ளும், இணைப்பின் வேகத்தை அமைக்கலாம், கணினியைத் தூரத்தில் இருந்து எழுப்பலாம். அந்தத் தனி ட்ரைவர் கேர்னலுக்குள்ளேயே பராமரிக்கப்படுகிறது. அதனால் இந்த எண் வந்தால் தொடாதே என்று பொது ட்ரைவரின் பட்டியலிலேயே எழுதி வைத்தார்கள். 2023இல் எந்த முறையை எடுப்பது என்று முடிவு செய்யும் ஒரு பகுதியையும் ஆர்8152க்குள் சேர்த்தார்கள்.

நாம் இதில் எடுக்க வேண்டிய பாடம் மூன்று வரிதான். கேர்னலுக்குள் தனி ட்ரைவர் உள்ள சிப் என்றால் முதலிடம். அது இல்லாவிட்டால் பொது முறையில் ஓடுவது இரண்டாமிடம். வெளியே எங்கிருந்தோ இறக்கிப் போடும் ட்ரைவரை மட்டும் நம்பிய சாமானுக்குப் பாடசாலையில் இடமில்லை.

இந்த மூன்றாவது வரியில்தான் சண்டை வரும். "இன்டர்நெட்டில் இருந்து எடுத்துப் போட்டுத் தாறேன் சேர், வேலை செய்யும்" என்பார் ரிப்பெயார் தம்பி. இன்றைக்கு வேலை செய்யும்தான். நாளைக்கு? கேர்னலின் உள் இணைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாற்றமாட்டோம் என்று யாரும் வாக்குத் தரவில்லை. உள்ளே இருக்கும் ட்ரைவரை, மாற்றம் செய்பவர்களே சேர்த்துத் திருத்துவார்கள். வெளியே இருப்பதை யார் திருத்துவது? ஒவ்வொரு கேர்னல் அப்டேட்டுக்கும் அதை மீண்டும் கட்ட வேண்டும். தானாகக் கட்டும் ஏற்பாடு உண்டு, ஆனால் இணைப்பு மாறிப்போனால் அதுவும் நின்றுவிடும். செக்கியூர் பூட் போட்ட கணினியில் உரிய கையொப்பம் இல்லாத ட்ரைவர் ஏறவே ஏறாது. இதற்கெல்லாம் இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் தரவேண்டிய சாமானைச் சரிசெய்ய இன்டர்நெட்! தம்பி தொழிலுக்கு வெளிநாடு போய்விட்டால் கூடமே பூட்டு.

அடுத்தது பெட்டியின் பெயர். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற பெயர் பெற்ற டொங்கிளை எடுங்கள். முதல் பதிப்பில் எதெரோஸ் ஏஆர்9271 சிப். அதற்கு 2010 முதல் கேர்னலில் ட்ரைவர் உண்டு. அதே பெயரில் வந்த இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் ஆர்டிஎல்8188 வகைச் சிப். அதன் ட்ரைவர் 2013இல் இருந்து கேர்னலின் தற்காலிகப் பகுதியில்தான் கிடந்தது. 2023இல்தான் ஒழுங்கான ட்ரைவரில் அந்தச் சிப்புக்கு இடம் கிடைத்து, தற்காலிகமானது நீக்கப்பட்டது. பெயர் ஒன்று, சாமான் வேறு. "போன முறை வாங்கினதுதான் இதுவும்" என்று கடைக்கார நானா சொல்வது பொய்யில்லாமல் இருக்கலாம். ஆனாலும் போதாது. பெயரை மாற்றாமல் சிப்பை மாற்றுவதை நாம் வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வோம்.

"வசதியில்லாத பாடசாலை, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கத்தானே வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். வசதியில்லாத பாடசாலைக்குத்தான் இரண்டாம் முறை வாங்கப் பணம் இல்லை. ஊராரின் பணம் அமானத். மலிவு என்பதற்காக அதைப் பயன்படாத சாமானில் கொட்டுவது சிக்கனம் ஆகாது.

"அப்ப விண்டோஸே இருக்கட்டும்" என்பவர்களுக்கு: பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் நம் பிள்ளைகளின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் தட்டச்சுச் செய்ய வைப்பதா?

சரி, என்ன செய்யலாம்?

1. டெஸ்க்டொப் என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள். லேன் துளை இருக்கிறது. டொங்கிளுக்குச் செலவழிக்கும் பணத்தை வயருக்கும் ஒரு சுவிட்சுக்கும் செலவழியுங்கள்.

2. இடி மின்னலில் லேன் துளை எரிந்த கணினிக்கும், லேன் துளை இல்லாத லெப்டொப்புக்கும் யூ.எஸ்.பி லேன் அடப்டர் வாங்குங்கள். இந்த வகைக்குப் பொது முறை உண்டு. வைபை டொங்கிளுக்கு அப்படியொரு பொது முறை நடைமுறையில் இல்லை. சிப்புக்குச் சிப் தனி ட்ரைவர் வேண்டும்.

3. வைபை டொங்கிளேதான் வேண்டும் என்றால் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மீடியாடெக்கின் எம்டி7601யூ, எம்டி7612யூ, எம்டி7921யூ ஆகியவற்றுக்கு முறையே 2015, 2018, 2022 முதல் கேர்னலிலேயே ட்ரைவர் உண்டு. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8812ஏயூ 2025இல், கேர்னல் 6.14இல்தான் உள்ளே வந்தது. உங்கள் கணினியில் அதைவிடப் பழைய கேர்னல் என்றால் அது உங்களுக்கு ஆகாது. ட்ரைவரோடு, லினக்ஸின் பேர்ம்வெயார் தொகுதியும் கணினியில் இருக்க வேண்டும்.

4. மொத்தமாக வாங்க முன் ஒன்று மட்டும் வாங்கி, கூடத்துக் கணினியிலேயே செருகிப் பாருங்கள். எல்.எஸ்.யூ.எஸ்.பி கட்டளை அடையாள எண்ணைக் காட்டும். சில டொங்கிள்கள் முதலில் விண்டோஸ் ட்ரைவர் உள்ள சீடி போல நடிக்கும். அதை மாற்றி எடுக்க வேறு கருவி வேண்டும். அப்படியானதைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

5. அவசரத்துக்கு அன்ட்ரொயிட் போனை வயரால் இணைத்து யூ.எஸ்.பி டெதரிங் போடுங்கள். அதற்கான ட்ரைவர் கேர்னலில் இருக்கிறது.

நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்ப முன் ஐ.சி.ரி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது உங்கள் கொடைக்குக் குறைவில்லை. கமிட்டியாரிடம் ஒன்று: கொள்வனவுப் படிவத்தில் "வைபை டொங்கிள் 20" என்று எழுதுவதை நிறுத்துங்கள். சிப்பின் பெயர் இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தரம் 10 பிள்ளைக்கு ஐ.சி.ரி செய்முறை வாரத்தில் சில மணித்தியாலங்கள்தான். அதை "டொங்கிள் எடுக்குதில்லை" என்ற பேச்சில் கரைக்க யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் பாடசாலை வட்சப் குழுமங்களுக்கு அனுப்பி வையுங்கள். கேள்வி இருந்தால் சிப்பின் பெயரோடு கீழே எழுதுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.